எப்போதும் இரண்டு விரல்

முதலில் தேய்ந்தது அவருடைய வலது சப்பாத்தின் நுனி.

1987 மார்ச் முதலாம் கிழமை அதைக் கண்டேன். ரே வீட்டுச் சப்பாத்துகளைத் துடைத்து வாசலில் வரிசையாக வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. இடது சப்பாத்து கடையில் வாங்கியபடியே இருந்தது. வலதின் பெருவிரல் பக்கம் தோல் உரிந்து, உள்ளே இருந்த துணி தெரிந்தது. "ரேயின் வலது சப்பாத்து தேய்ந்துள்ளது, தைக்கக் கொடுக்க வேண்டும்" என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். தைக்கக் கொடுத்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணம் கச்சேரி அலுவலகத்தில் பதினொரு வருடம் காணிப் பதிவேடுகளோடு இருந்தவன். ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். இங்கே வரும் தேதிகள் அந்தக் கொப்பிகளிலிருந்து எடுத்தவை. அவை சரியானவை. சரியாக இருந்தும் உரிய நேரத்தில் ஒருவருக்கு உதவவில்லை.

நான் சுவிஸுக்கு வந்தது 1984 நவம்பரில். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஓர் அறையில் நானும் குணம் அண்ணையும் இருந்தோம். அவர் ஊரில் பஸ் ஓட்டியவர். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விறாந்தை துடைத்தார். எனக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் காலை வேலை.

இன்னொரு வேலையும் எனக்குத் தானாக வந்து சேர்ந்தது. அகதி விசாரணைக்குப் போகும் எங்கள் ஆட்கள் என்னிடம் வருவார்கள். பயத்தில் ஓடிவந்தவனுக்கு வீடு எரிந்தது எந்த மாதம், தம்பியைக் கொண்டுபோனது எந்த மாதம் என்பதெல்லாம் குழம்பிப்போயிருக்கும். முதல் விசாரணையில் மே என்றும் அடுத்ததில் யூன் என்றும் சொன்னால், அந்த ஒரு மாதத்துக்காக நடந்தது முழுவதும் பொய்யாகிவிடும். நான் அவர்களோடு இருந்து தேதிகளை ஒழுங்குபண்ணி எழுதுவேன். அவர்கள் பாடமாக்குவார்கள். எல்லோருக்கும் ஒரு விதியும் சொல்வேன்: கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததைச் சொல்லக்கூடாது. நீங்கள் கூடுதலாகச் சொல்லும் சொல்லிலிருந்து அவர்கள் இன்னொரு கேள்வி எடுப்பார்கள்.

புதன்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி படிப்பித்தவர் மார்கிறிற். பகலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 1986 செப்டம்பரில் ஒரு நாள் பாடம் முடிந்ததும் என்னை நிறுத்தி, என் கணவர் அமெரிக்கர், இரண்டு முழங்கால்களும் பழுது, பகலில் தனியே இருக்கிறார், உமக்கு ஆங்கிலம் வரும், எழுத்தும் நல்லது, அவருடைய பழைய கடதாசிகளை ஒழுங்குபண்ணிக் கொடுப்பீரா என்று கேட்டார். வேலை நாட்களில் பின்னேரமும் சனிக்கிழமைகளில் காலையும் போவதாக ஏற்பாடு.

அப்படித்தான் ரே எனக்கு அறிமுகமானார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். வலது கையின் சின்ன விரல் முறிந்து பொருந்தியதில் வெளிப்பக்கம் வளைந்து நின்றது. அந்தக் கை என் முகத்தை முழுதாக மூடும்.

அவர் தொழில்முறை அமெரிக்கன் புட்போல் ஆட்டக்காரராக இருந்தவர். அந்த அணியில் அவருடைய இடத்துக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். குணம் அண்ணைக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை சென்றது.

"பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு எறியிறாங்கள். பிறகென்னத்துக்குப் புட்போல் எண்டு பேர்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணை. ஆனா எறியிறவர் இவர்தான். மற்றவை இவரைப் பிடிச்சு விழுத்த வருவினம்."

"எத்தினை பேர்?"

"நாலைஞ்சு பேர். ஒவ்வொருத்தரும் ஒரு குவிண்டால் வரும்."

"அதுக்குச் சம்பளமோ?" என்றார் குணம் அண்ணை. தன்னுடைய வேலை பரவாயில்லை என்பதுபோல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ரேயின் கடதாசிகள் ஒரு தோல் சூட்கேசுக்குள் கிடந்தன. பத்திரிகை நறுக்குகள், படங்கள், தந்திகள். எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கினேன். அவற்றை வைத்து அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் இருவருமாக எழுதத் தொடங்கினோம். பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பன் சுரங்கத்தில் இருந்தார். பந்து எறிந்த கையால் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அந்தத் தெருவில் இவர்தான். 1953இல் தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்தார். மூன்று வருடம் மாற்று ஆட்டக்காரராக வாங்கில் இருந்தார். நாலாவது வருடம் முதல் ஆட்டக்காரரின் காறையெலும்பு முறிந்தது. ரே உள்ளே போனார். ஏழு வருடம் வெளியே வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தரமும் பந்தை அடுத்து எப்படிக் கொண்டுபோவது என்பதைக் குவார்ட்டர்பேக்தான் தீர்மானிப்பார். பதினொரு பேரும் தலையைக் குனிந்து வட்டமாக நிற்க, இவர் நடுவில் நின்று சில எண்களைச் சொல்வார். ஒவ்வோர் எண்ணும் ஓர் ஆளின் ஓட்டம். நூற்றுக்கணக்கான எண் வரிசைகளை அவர் பாடமாக்கியிருந்தார். குசினி மேசையில் உப்பு, மிளகுப் போத்தல்களை வைத்து எனக்கு விளங்கப்படுத்துவார். மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். எறிந்த பிறகுதான் அடி விழும். "எறிந்தது போய்ச் சேர்ந்ததா என்று நான் பார்த்ததே குறைவு. சனத்தின் சத்தத்தில்தான் தெரியும்" என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். நினைவிலும் கொப்பியிலும் உள்ளபடி தமிழில் எழுதுகிறேன்.

ஒரு டிசம்பரில் இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். அது தோல்வி. ஆனால் கடைசிப் பகுதியில் அவர் எறிந்த ஒரு பந்தைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. பனி கொட்ட, இரண்டு பேர் மேலே விழுந்துகொண்டிருக்க, மைதானத்தின் பாதி தூரத்துக்கு அவர் எறிந்தது சரியாக ஒருவன் கைக்குள் போய் விழுந்தது. அதை அவர் எனக்கு மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் ஒரு சொல் மாறவில்லை.

1963 கோடையில் பயிற்சி முகாமில் ஒருவர் அறைக் கதவைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், எண் வரிசைகள் எழுதிய ஆட்டக் கொப்பியையும் கொண்டு வரட்டாம் என்றார். கொப்பியைக் கொண்டு வரச் சொன்னால் வேலை போயிற்று என்று அர்த்தம். பிறகு ஜெர்மனியில் அமெரிக்கப் படையினரின் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர். அங்கே மார்கிறிற்றைச் சந்தித்தார். 1969இல் பேர்ணுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேர்ண் திடலில் ஓர் அமெச்சூர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். வங்கி எழுதுவினைஞர்கள், மின்சார வேலைக்காரர், ஒரு பாண் பேக்கரிக்காரர். அவருடைய கிழமையில் அந்த ஒரு நாள்தான் நாள். மற்ற ஆறும் காத்திருப்பு.

அடி விழுந்து மூளை கலங்கினால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். அணியின் உதவியாளர் ஓடிவந்து விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பாராம். அவர் எப்போதும் காட்டுவது இரண்டு விரல்தான். எல்லா ஆட்டக்காரருக்கும் அது தெரியும். கண் திறக்க முடியாவிட்டாலும் "இரண்டு" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவார்கள்.

"அது ஏமாற்று அல்லவா?" என்றேன்.

"இல்லை. அவனும் நாங்களும் ஒரே அணி."

இதையும் கொப்பியில் எழுதினேன். வேடிக்கையான செய்தி என்று.

1987 பெப்ரவரி 19, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று பத்து. பஸ் தரிப்பிடத்துக்கு இறங்கும் படியில் உறைபனி. ரே வழுக்கி விழுந்தார். பின்தலை கைப்பிடிக் கம்பியில் பட்டது. இரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். நான் பதறி, என்ன செய்கிறது என்று கேட்டேன். "இரண்டு" என்றார். இருவரும் சிரித்தோம்.

எழும்பியதும் மார்கிறிற்றுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, இன்னும் ஒன்று நடந்தால் ஞாயிறு மைதானம் இல்லை என்று மார்கிறிற் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. மார்கிறிற்றும் கேட்கவில்லை.

பிறகு நடந்தவை மெல்ல மெல்ல நடந்தன. சப்பாத்து தேய்ந்தது. மத்தியானத்தில் கதிரையிலேயே தூங்கினார். தலையிடி என்று நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நிற்பார். 1958 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1961 என்றார். நான் திருத்தினேன். மறுநாளும் திருத்தினேன். பிழையான ஆண்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அவர் ஒரு நாள் மேசையில் இருந்த மிளகுப் போத்தலைக் கையால் தட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்கிறிற் குடும்ப டொக்டரிடம் நாள் எடுத்தார். மார்ச் 31, செவ்வாய், பின்னேரம் இரண்டரை. தனக்குப் பள்ளி, நீர் கூடப் போம் என்றார்.

அதற்கு முந்திய கிழமை ரே என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அவருக்கு முன்னால் குனிந்து நின்று பந்தை அவர் கையில் தருகிற ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். ஏழு வருடம் அவனுடைய முதுகைப் பார்த்தே வாழ்ந்ததாகச் சொல்வார். அவன் இப்போது ஒரு காப்பகத்தில் இருக்கிறானாம். மனைவியை யார் என்று கேட்கிறானாம். "எனக்கும் அதுதான் என்று டொக்டர் சொன்னால் ஞாயிறு போய்விடும். பிறகு எல்லாம் போய்விடும்" என்றார். என் பக்கம் திரும்பி, "உன் ஆட்களைப் பரீட்சைக்குத் தயார்படுத்துகிறாயே. என்னையும் தயார்படுத்து" என்றார்.

நான் மறுக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை செய்வதால் டொக்டர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்று என்ன கிழமை, என்ன மாதம், இது எந்த ஊர், எந்த மாநிலம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். ஐந்து நாள் குசினி மேசையில் இருந்து படித்தோம். ரே கழிக்கவில்லை, பாடமாக்கினார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. வட்டத்தின் நடுவில் நின்று சொல்வதுபோல் அடித்தொண்டையில் சொன்னார். அந்தக் கிழமையிலிருந்துதான் என்னைக் கோச் என்று கூப்பிடத் தொடங்கினார்.

டொக்டர் நல்ல மனிதர். ஆங்கிலம் பேசினார். கேள்விகள் நான் சொன்னபடியே வந்தன. ரே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று டொக்டர் கேட்டார்.

"டொக்டர், பத்து வருடம் அதுதானே என் தொழில்" என்றார் ரே. டொக்டர் சிரித்தார். அந்தக் கேள்வி அப்படியே கடந்து போயிற்று.

நான் சுவரோரக் கதிரையில் இருந்தேன். என்னுடைய பையில் கொப்பி இருந்தது. அதில் பெப்ரவரி 19 இருந்தது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முழங்கால் நோவுக்கு எடுக்கும் குளிசையும் மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். மருந்தை மாற்றினார். வெளியே வந்ததும் ரே என் தோளில் கையைப் போட்டு, வென்றுவிட்டோம் என்றார். பேக்கரியில் இரண்டு பேரும் கேக் சாப்பிட்டோம். அன்றைய நாட்குறிப்பில் நானும் "வென்றோம்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் முழுக்க அவர் சரிந்துகொண்டு போனார். கரண்டி வலது கையிலிருந்து வழுகும். ஒரு நாள் நன்றாக இருப்பார், அடுத்த நாள் பேச்சுக் குழறும். இந்த ஏற்ற இறக்கத்தை முக்கியமாகக் கவனியுங்கள். நல்ல நாளைப் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்தோம்.

குணம் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ டொக்டரையும் பொலிஸாக்கிப் போட்டாய்."

"அந்த மனுசன் கேட்டுது அண்ணை. நான் என்ன செய்ய?"

"பொலிஸுக்குச் சொன்னா எங்களை அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம். டொக்டருக்குச் சொன்னா என்ன, உவரை அமெரிக்காவுக்கு அனுப்புவாங்களோ? விழுந்தவர் எண்டு சொல்லன்ரா. நான் விறாந்தையிலை ஒவ்வொரு நாளும் பாக்கிறன். தலையிலை அடிபட்டு, கிழமைக் கணக்கிலை நடந்து திரிஞ்சுபோட்டு வந்து கிடக்கிறவை எத்தினை பேர்."

"மார்கிறிற் என்னை நிப்பாட்டிப் போடுவா."

"நிப்பாட்டட்டும். ஆள் இருக்கவேணுமெல்லே."

அவர் சொன்னது சரி. திங்கட்கிழமை சொல்வது என்று தீர்மானித்தேன். மே 10, ஞாயிறு, அணிக்குப் பருவத்தின் முதல் ஆட்டம். அது முடியட்டும் என்று நினைத்தேன்.

மே 9, சனிக்கிழமை காலை. இங்கே சனி காலையிலும் பள்ளி உண்டு, மார்கிறிற் போயிருந்தார். நான் போனபோது ரே குசினித் தரையில் இருந்தார். ஒரு சப்பாத்து காலில், மற்றது மடியில். நாடாவை முடிய முயன்றுகொண்டிருந்தார். வலது கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைக் கண்டு ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு கண்ணை மூடினார்.

அம்புலன்ஸ் வந்தது. பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தேன். மார்கிறிற் விரல்களில் சோக்குத் தூளோடு வந்து சேர்ந்தார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டொக்டர், ரேயின் முகத்துக்கு முன்னால் மூன்று விரலைக் காட்டினார். எத்தனை என்று கேட்டார்.

"இரண்டு" என்றார் ரே. கண்களைத் திறக்காமலே சொன்னார்.

டொக்டர் மார்கிறிற்றிடம் திரும்பி, அண்மையில் விழுந்தாரா என்று கேட்டார். இல்லை என்றார் மார்கிறிற். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"விழுந்தவர்" என்றேன் நான். "பெப்ரவரி 19, வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று பத்து. பின்தலை, வலது பக்கம். கம்பியில் அடிபட்டது."

மார்கிறிற் என்னைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. நான் அம்புலன்ஸிலேயே எண்ணியிருந்தேன். எழுபத்தொன்பது. ரே பாடமாக்கிய எண்களில் மூன்றாவது.

உடனே கணினிக் கதிர்ப்படம் (மண்டையைத் திறக்காமல் மூளையைத் துண்டு துண்டாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் மூளையுறைக்குக் கீழ்ப் பழைய இரத்தக்கட்டு (மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் கிழமைக் கணக்கில் மெல்லக் கசிந்து தேங்கும் இரத்தம்) இருந்தது. அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் அப்படி வரும் என்றார்கள். அது மூளையை வலது பக்கம் தள்ளியிருந்தது. பின்னேரம் மண்டையில் இரண்டு துளை போட்டு அதை வடித்தார்கள். பழைய எஞ்சின் எண்ணெயின் நிறம் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னார்.

விறாந்தையில் மார்கிறிற் என் பக்கத்தில் இருந்தார். வகுப்பில் பேசுவதுபோல் எனக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினார்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

"கேட்பதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே."

அப்போது மற்றதையும் சொன்னேன். ஐந்து நாள் படிப்பித்ததை, நூறிலிருந்து கழித்ததை, கேக் சாப்பிட்டதை. அவர் என்னைத் திட்டவில்லை. எழும்பி ஜன்னலுக்குப் போய் நின்றார். பிறகு, இன்றைக்கு நீர் வீட்டுக்குப் போம் என்றார்.

பத்தொன்பது நாள் என்னைக் கூப்பிடவில்லை. புதன்கிழமை வகுப்புக்கும் நான் போகவில்லை. சலவைப் பகுதிக்குக் கீழே வரும் படுக்கை விரிப்புகளில் எது ரேயுடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பேன். குணம் அண்ணைதான் அவருடைய விறாந்தையைத் துடைத்தார். "இண்டைக்குக் கஞ்சி குடிச்சவர்", "இண்டைக்குக் கதிரையிலை இருந்தவர்" என்று வந்து சொல்வார். நான் கொப்பியில் எழுதுவேன்.

மே 28 மார்கிறிற் தொலைபேசி எடுத்தார். "கோச் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அமெரிக்காவில் இருந்த யாரோ என்று நினைத்தேன். உம்மைத்தான் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. வாரும்."

முதல் நாட்களில் எல்லாம் திரும்பி வரும்போல இருந்தது. கால் நடந்தது. பேச்சு வந்தது. யூன் நடுவில் வலிப்பு வந்தது. மறுபடி இரத்தம் தேங்கியிருந்தது, மறுபடி வடித்தார்கள். அதற்குப் பிறகு கால் பாதி வந்தது. வலது கை வரவில்லை.

மார்ச் மாதமே கண்டிருந்தால் கை வந்திருக்குமா என்று அந்தப் பெண் டொக்டரிடம் கேட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. படத்தை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து, இரத்தக்கட்டு வேறு, இது வேறு என்று காட்டினார். மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. அது எழுபத்தொன்பது நாளில் வந்தது அல்ல, பல வருடத்துப் பழையது. எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். முந்தி வந்திருந்தால் நல்லது என்பதை மட்டும் சொல்லலாம் என்றார்.

பிறகு, முன்பு தலையில் பட்ட அடிகளின் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார்.

நாங்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு நூற்றுப் பதினெட்டுப் பக்கம். எந்த ஊரில், எந்த அணியோடு, எத்தனைக்கு எத்தனை என்று எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். ஓர் அடிகூட இல்லை. பத்திரிகைகள் அதை எழுதவில்லை. ரே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். பல்கனியில் கதிரை போட்டு இருப்போம். நான் ஓர் ஆட்டத்தை வாசிப்பேன். அவர், "இதில் முதற்பகுதி தெரியும். அடுத்தது பஸ்ஸில் இருந்தது தெரியும்" என்பார். நான் ஓரத்தில் 'இடையில் நினைவில்லை' என்று எழுதுவேன். சில நாள் ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் அப்படி எழுதினேன்.

டிசம்பர் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். பனி, இரண்டு பேர் மேலே விழுவது, மைதானத்தின் பாதி தூரம். நான் வாசித்து முடித்தேன். அவர் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அதற்குச் சற்று முதல், அதே ஆட்டத்தில் காதோடு ஓர் அடி. பிறகு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பேப்பரில்தான் நான் அதை எறிந்தேன் என்று வாசித்தேன். இருபத்தைந்து வருடம் பேப்பரில் இருந்ததைத்தான் எல்லோருக்கும் சொன்னேன்."

மார்கிறிற் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரியாது. வெளியே வந்து ரேயின் தலையில், தையல் தடம் இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்தப் பக்கத்தின் ஓரத்திலும் எழுதினேன்: இடையில் நினைவில்லை.

இப்போது 1989. ரே வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிறு மைதானம் இல்லை. மின்சார வேலைக்காரர் இருவர் மாதத்தில் ஒரு முறை வந்து பார்த்துப் போகிறார்கள். அவர்களுடைய பெயர்களை அவர் மாற்றிச் சொல்கிறார், அவர்கள் திருத்துவதில்லை. நானும் ஆண்டுகளைத் திருத்துவதில்லை. இதைப் பழக எனக்கு ஒன்றரை வருடம் சென்றது. எங்கள் ஆட்களுக்கு விசாரணைத் தேதிகளை இன்னும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் கடைசியில், ஆஸ்பத்திரியில் இந்த விதி இல்லை, அங்கே கேட்காததையும் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் அதுதான். விழுந்த நாளை எழுதி வையுங்கள். எழுதியதை டொக்டரின் மேசையில் வையுங்கள்.

இந்த வருடம் மார்ச் மாதம் கடைசியாகப் பரிசோதனைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அதே பெண் டொக்டர். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இரண்டு வருடமாக ஒவ்வொரு தரமும் ரே சொன்ன பதில் ஒன்றுதான்: இரண்டு.

ரே வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இடது கையை நீட்டி டொக்டரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். நான்கையும் தொட்டார். எண் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தெரியவில்லை" என்றார் ரே.

டொக்டர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரை பொறுத்து, நான் கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். போன செவ்வாய் குளியலறையில் சறுக்கியது, இரண்டு தரம் படுக்கை நனைந்தது, சாப்பிடும்போது வலது பக்கத்துச் சோறு வாய்க்குள்ளேயே தங்குவது. ஒன்றும் அவர் கேட்டது அல்ல.

ரே கேட்டுக்கொண்டிருந்தார். "கோச், எங்கள் ஆட்டம் எல்லாவற்றையும் எதிரணிக்குச் சொல்லிவிட்டாய்" என்றார். மார்கிறிற் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

பஸ் தரிப்பிடத்தில் குளிர் இருந்தது. ரேயின் வலது கை வெளியே தொங்கியது. அது தன்னோடு வந்திருப்பது அவருக்கு நினைவிருப்பதில்லை. அதை எடுத்து அவருடைய கோட்டுப் பைக்குள் வைத்தேன். எவ்வளவு பாரமான கை என்பது அதைத் தூக்கும்போதுதான் தெரியும்.

"இன்றைக்கு என்ன நாள்?" என்று கேட்டார்.

கிழமையும் தேதியும் மாதமும் என் வாய்க்குள் தயாராக இருந்தன.

"ஞாயிறு இன்னும் வரவில்லை" என்றேன்.

"அப்படியானால் நேரம் இருக்கிறது."

பஸ் வந்து நின்றது. மார்கிறிற் முன்னால் ஏறிக் கையைக் கொடுத்தார். நான் குனிந்து, ரேயின் வலது சப்பாத்தை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தேன்.